கடல்கோளும் வற்கடமும்: பாண்டிநாட்டுக் கீழைக்கரைச் சான்றுகள்

1. முன்னுரை

தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் பலரும், இறந்துபட்ட நூல்களைப் பற்றிக் கூறுமிடத்துக் கடல்கோளையே காரணமாகக் காட்டுதல் வழக்கமாகிவிட்டது. முச்சங்க வரலாறு குறிக்கும் நூல்களுள் எஞ்சியவை சில, எஞ்சாதவை பல. எஞ்சாதவற்றையெல்லாம் கடல் கொண்டது எனக் கூறி அமைதல் எளிது. பிற்காலத் தனிப்பாடலொன்றும், ஏரணம் முதலாய கலைநூல்கள் பலவற்றைக் கடல் வாரிக் கொண்டதென இரங்குகின்றது. இக்கருத்து நாளடைவில் விரிந்து, பண்டைப் பேரரசு ஒன்றை வீழ்த்தவல்ல இயற்கைப் பேரிடர் கடல்கோளே என்னும் எண்ணத்தைக் கற்றோரிடையும் நிலைபெறச் செய்துவிட்டது.

பேரிடர் ஒன்று நேர்ந்தது என்பது வேறு. அதனால் அரசு வீழ்ந்தது என்பது வேறு. கல்வி அழிந்தது என்பது பிறிதும் வேறு. இம்மூன்றையும் நம் பழைய ஆசிரியர்கள் வேறுபடுத்தியே கூறியுள்ளனர். நாமே அவற்றை ஒன்றாக்கிக் கொண்டோம். கடல்கோள் பற்றிய நூற்சான்றுகளையும், வற்கடம் பற்றிய நூற்சான்றுகளையும் தனித்தனியே வைத்து நோக்கி, அவற்றை இராமநாதபுரம், இராமேச்சுரம் ஆகிய கீழைக்கரைப் பகுதிகளின் நிலஇயல்போடு ஒப்பிட்டுக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஓர் உரையில் இரு பேரிடர்கள்

முச்சங்க வரலாற்றை நமக்கு முதன்முதல் விரிவாகத் தருவது இறையனார் அகப்பொருளுரை. இவ்வுரை நக்கீரர் பெயரால் வழங்குவது. ஆசிரியர் மாணவர் வழியாகப் பத்துத் தலைமுறை வாய்மொழியாய் வந்து எழுத்துருப் பெற்றதாகத் தன் வரலாற்றைத் தானே கூறுவது. பாண்டிக்கோவைச் செய்யுட்கள் இதனுள் மேற்கோளாகப் பயில்தலின், இன்றுள்ள வடிவம் கி. பி. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் ஆராய்ச்சியாளர்.

இவ்வுரை கூறும் பேரிடர்கள் இரண்டு. ஒன்று கடல்கோள்; மற்றொன்று பன்னீராண்டு நிகழ்ந்த வற்கடம். இவ்விரண்டனையும் உரையாசிரியர் கூறும் முறை நுணுகி நோக்கத்தக்கது.

கபாடபுரத்தில் இடைச்சங்கம் இருந்த காலத்துப் பாண்டிநாட்டைக் கடல் கொண்டது எனக் கூறுமிடத்து, ‘போலும்’ என்னும் ஒப்பில் போலியைச் சேர்த்தே அவர் உரைக்கின்றார். ஒரு சொற்றொடரில் அச்செய்தி முடிந்துவிடுகின்றது. எந்நூல் கடலுள் ஆழ்ந்தது, எப்புலவர் மறைந்தார் என்பன போன்ற குறிப்பு எதுவும் அங்கு இல்லை. மாறாக, இடைச்சங்கம் இரீஇய பாண்டியர் வரிசை முடத்திருமாறனோடு முடிய, கடைச்சங்கம் இரீஇய பாண்டியர் வரிசையும் அம் முடத்திருமாறனையே முதலாகக் கொண்டு தொடங்குகின்றது. கடல்கோளுக்குத் தப்பிப் போந்த வேந்தனே புதிய சங்கத்தை நிறுவினான் என்பது கருத்து. தலைநகர் மாறிற்று, அரசமரபு மாறவில்லை, சங்கமும் ஒழியவில்லை.

வற்கடத்தைக் கூறுமிடத்தோ உரையாசிரியரின் நடையே வேறாகின்றது. ஐயச்சொல் இல்லை. பசி மிகுந்தமை, அரசன் புலவரை அழைத்து அவரைப் புறந்தரும் ஆற்றல் தனக்கு இல்லாமையைக் கூறியமை, நாடு வளம் பெற்றபின் மீள வருமாறு வேண்டி விடுத்தமை, மழை பெய்தபின் எண்டிசையும் ஆள் போக்கித் தேடியமை ஆகிய அனைத்தும் நிரலாக விரிக்கப்படுகின்றன. எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் எங்கும் கிடைத்திலர். அது கேட்டு அரசன் வருந்த, ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரம் அருளினான் என வரலாறு தொடர்கின்றது.

ஈண்டு ஆராய்ச்சியாளர் எழுப்பும் தடையொன்று உண்டு. தொல்காப்பியத்தை இடைச்சங்கத்தார்க்கும் கடைச்சங்கத்தார்க்கும் நூலாக இவ்வுரையே கூறுகின்றது. அந்நூலுள் பொருளதிகாரம் இருப்பவும், பொருளிலக்கணம் இல்லையென அரசன் வருந்தியது எங்ஙனம் பொருந்தும் என்பது அத்தடை. உரையாசிரியர் கூறியது நூல் கிடைத்திலது என்பதன்று. வல்லார் கிடைத்திலர் என்பதே. வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்ட காலத்து, ஆசிரியன் இல்லாத நூல் ஏடாக இருந்தும் கல்வியாக இராது. பத்துத் தலைமுறை ஆசிரியர் வரிசையைத் தன் சிறப்பாகக் கூறிக்கொள்ளும் உரை, ஆசிரியர் வரிசை அறுதலையே பேரிழப்பாகக் கருதியது இயல்பே. ஆகவே, கல்வியின் ஒரு பகுதி அற்றுப்போனமைக்கு இவ்வுரை வெளிப்படையாகக் காட்டும் காரணம் கடல் அன்று. மழையின்மையே என்பது தெளிவாகும்.

3. கடல் கொண்டபின் நிகழ்ந்தவை

கடல்கோளைக் குறிக்கும் பிற நூல்களும் இம்முடிவுக்கே அரண் செய்கின்றன. கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடலொன்று (104), தன் நிலத்தைக் கடல் வௌவக் கண்டும் தளராத பாண்டியன், பகைவர் நாட்டிற் சென்று புலியும் வில்லும் பொறித்த இடங்களில் கயலைப் பொறித்த செய்தியைக் கூறுகின்றது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன், பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுட்பட்டமையைக் கூறிய அளவிலேயே, கங்கையும் இமயமும் கொண்டு ஆண்ட தென்னவன் என வாழ்த்துகின்றான். இரண்டிடத்தும் கடல்கோள் அரசனின் வீழ்ச்சிக்கு அடையாளமாக வரவில்லை. அவன் ஆண்மைக்கு அடையாளமாகவே வருகின்றது.

இழந்த நிலத்திற்கு ஈடாகப் பாண்டியன் பெற்ற பகுதிகளை அடியார்க்கு நல்லார் பெயர் சுட்டிக் கூறுகின்றார். அவை சோழநாட்டெல்லையிலிருந்த முத்தூர்க் கூற்றமும், சேரநாட்டுக் குண்டூர்க் கூற்றமும் ஆம். இவற்றுள் முத்தூர்க் கூற்றம் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. கல்வெட்டுக்களில் முத்தூற்றுக் கூற்றம் என வரும் பகுதி இதுவே எனக் கொள்வர். கப்பற்கோவைத் தலைவன் கருமாணிக்கனின் கப்பலூர் அக்கூற்றத்தைச் சார்ந்தது. இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானைப் பகுதியில் உள்ளது. ஆகவே, தென்கோடியில் கடலிடம் இழந்ததற்கு ஈடாகப் பாண்டியன் பெற்றதாக உரையாசிரியர் கருதிய நிலம், இராமநாதபுரத்துக் கீழைக்கரையின் வடபகுதியே ஆகின்றது.

புறநானூற்று 24ஆம் பாட்டில் மாங்குடி கிழார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் மிழலையையும் முத்தூற்றையும் வேளிரிடமிருந்து கைக்கொண்டமையைப் பாடுகின்றார். அங்குக் கடல்கோள் பற்றிய பேச்சே இல்லை. அது போர் வெற்றி மட்டுமே. சங்கப்பாட்டு வெற்றியாகக் கூறியதைப் பிற்கால உரையாசிரியர் கடல்கோளுக்கு ஈடாகக் கூறுகின்றார். கடல்கோட் செய்தி காலந்தோறும் வளர்ந்து, முன்னரே அறியப்பட்டிருந்த நிகழ்ச்சிகளைத் தன்னுள் ஈர்த்துக்கொண்ட முறைக்கு இஃது ஒரு சிறந்த சான்று.

4. கீழைக்கரையும் கடலும்

இனி, நிலஇயல் கூறுவதைக் காண்போம். ஏறத்தாழ இருபதினாயிரம் ஆண்டுகட்கு முன், பனியூழி உச்சத்திலிருந்த காலத்துக் கடல்மட்டம் இன்றையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ பெரும்பகுதியும் பதினைந்து மீட்டர் ஆழத்திற்கு மேற்படாதது. ஆகவே தமிழகமும் ஈழமும் அன்று ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்பதில் ஐயமில்லை. பனி உருகக் கடல் உயர்ந்து, ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகட்கு முன் இன்றைய நிலையை அணுகியது. நிலம் கடலுட்பட்டது உண்மையே. ஆயினும் அது பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. எழுத்தும் அரசும் சங்கமும் தோன்றுதற்கு நெடுங்காலத்துக்கு முற்பட்டது.

அதன்பின் நிகழ்ந்ததற்கு இராமேச்சுரத் தீவே சான்று தருகின்றது. அத்தீவின் கரையில் இன்றைய கடல்மட்டத்துக்கு மேலாக நிற்கும் பழம் பவளப் பாறைகள் உள்ளன. பவளம் நீருக்குள்ளேதான் வளரும். ஆதலின், சில ஆயிரம் ஆண்டுகட்கு முன் கடல் அங்கு இன்றையினும் சற்று உயர்ந்திருந்து, பின்னர்த் தாழ்ந்தது என்பது பெறப்படும். வரலாற்றுக் காலத்தை நோக்க, இக்கரையில் கடல் நிலத்தைக் கொண்டதற்கு இணையாக நிலத்தை விட்டுச் சென்றதும் உண்டு.

எனினும் கடலின் சீற்றம் இக்கரைக்குப் புதிதன்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுக்கோடியை அழித்தமை யாவரும் அறிந்தது. புகைவண்டி நிலையம், சுங்கச்சாவடி, அஞ்சல் நிலையம், கோவில், பள்ளி ஆகிய அனைத்தும் ஒரே இரவில் மணலும் நீருமாயின. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டி, நூற்றுக்கு மேற்பட்ட மக்களுடன் அலைவாய்ப்பட்டது. இறந்தோர் தொகையை 1,800 வரை மதிப்பிடுவர். 1914இல் திறக்கப்பெற்ற பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியும் சிதைந்தது. ஆனால் அப்பாலம் ஒன்றரைத் திங்களளவில் செப்பனிடப்பட்டது. தனுக்கோடி வாழ்தற்கேலாத இடமென அறிவிக்கப்பட, மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். தலைமன்னாருக்குச் சென்ற கப்பல் போக்குவரவு இராமேச்சுரத்திலிருந்து மீண்டும் நிகழ்ந்து, 1980களில், ஈழத்துப் போர்ச்சூழலில், நின்றது. கடல் ஊரை அழித்தது; வழியை அடைத்தது போரே என்பது கருதத்தக்கது. இன்றும் மீனவர் சிலர் தனுக்கோடிப் பகுதியில் குடில் அமைத்துத் தொழில் செய்கின்றனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இதன் மறுபுறத்தைக் காட்டிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறாயிரவர் மாள, ஈழநாடு அரணாக நின்றமையால் பாக்கு நீரிணைக் கரையிலுள்ள இராமநாதபுரத்து ஊர்கள் பெருந்தீங்கின்றித் தப்பின. ஒரே அலை ஓரிடத்தை அழித்து மற்றோரிடத்தை விடுதலே கடற்பேரிடரின் இயல்பு. அஃது இடத்தை அழிக்கும். நாடு முழுவதையும் ஒருங்கே அழித்தல் அரிது. தப்பிய பகுதி அழிந்த பகுதியைத் தாங்கும். முடத்திருமாறன் வரலாற்றின் உட்பொருளும் இதுவே.

5. தூர்ந்த துறைகள்

கடல் சீறி அழித்த துறைகளினும், ஆறு தூர்த்த துறைகள் பாண்டிநாட்டில் மிகுதி. பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கை, தாமிரபரணி கொணர்ந்த மண்ணால் தூர்ந்து, இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயலிடை ஊராக நிற்கின்றது. கால்டுவெல் அங்கு அகழ்ந்து கண்டு, கொற்கை தூரக் காயல் எழுந்ததும், காயலும் தூர்ந்ததுமாகிய வரலாற்றை எடுத்துரைத்தார்.

வைகைக் கழிமுகத்தை அடுத்த அழகன்குளமும் இவ்வகையிற் கருதத்தக்கதே. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1986ஆம் ஆண்டு முதலாகப் பலமுறை அங்கு அகழாய்வு நிகழ்த்தினர். உரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும், காசுகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும், கப்பலுருவம் கீறிய ஓடொன்றும் வெளிப்பட்டன. கிறித்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டு முன்னரே தொடங்கி, உரோம வணிகம் நிலவிய காலம் முழுவதும் சிறந்திருந்த இத்துறை, பின்னர்ச் சிறுகச் சிறுக ஒடுங்கிற்று. பிற்காலத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் பெரியபட்டினம் சீனக் கலங்கள் வந்திறங்கும் துறையாக விளங்கிற்று. துறை ஒன்று ஒடுங்க, மற்றொன்று எழுந்தது. வணிகம் இடம் பெயர்ந்தது, அறவே ஒழியவில்லை.

6. வற்கடத்தின் இயல்பு

வற்கடம் இவ்விரண்டினும் வேறானது. அதற்குக் கரையில்லை, தப்பிய பகுதி என ஒன்று இல்லை. மணிமேகலையில் பாத்திரமரபு கூறிய காதை, பாண்டிநாடு பன்னீராண்டு மழை இழந்தமையைக் கூறுகின்றது. ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபி அக்காலத்தில்தான் பயன்பட்டது. பன்னீராண்டு என்னும் எண் இறையனார் அகப்பொருளுரைக்கும் மணிமேகலைக்கும் பொதுவாய் இருத்தலும், சமணர் மரபில் பத்திரபாகு முனிவர் தெற்கே போந்த வரலாற்றிலும் அதுவே வருதலும் நோக்க, அது நெடுங்கால வறட்சியைக் குறிக்கும் மரபுத்தொகை எனக் கொள்ளுதல் பொருந்தும். எண் மரபாயினும் அது சுட்டும் துன்பம் மரபன்று.

மணிமேகலை இருவகைப் பேரிடரையும் ஒரு நூலிலேயே கூறுதலின் ஒப்பிட்டுக் காண்டற்கு மிக ஏற்றது. நெடுமுடிக்கிள்ளி இந்திரவிழா மறந்தமையால் புகார் கடல்வாய்ப்பட்டது என்பது அந்நூற் செய்தி. ஆயினும் மாதவியும் சுதமதியும் அறவணவடிகளும் உயிர் பிழைத்து வேற்று நகர் சேர்கின்றனர். அரசனும் மடிந்திலன். கச்சியிலோ கடல் புகவில்லை, மழைதான் இல்லை. அங்கு மணிமேகலை எதிர்கொள்வது பசித்து வந்து சூழும் எண்ணற்ற உயிர்களை. கடல்கோளுக்குத் தப்பியோர்க்குப் போக்கிடம் இருந்தது. வறட்சியுற்றோர்க்கு அமுதசுரபி ஒன்றே இருந்தது.

சிலப்பதிகார உரைபெறு கட்டுரையும், நெடுஞ்செழியன் இறந்த நாள் முதலாகப் பாண்டிநாடு மழையின்றி வறுமையும் நோயும் உற்றதைக் கூறி, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் நங்கைக்குச் சாந்தி செய்தபின் மழை பெய்தது என்கின்றது. சாந்தியின் கொடுமையே அச்சத்தின் அளவைக் காட்டும். கடல்கோளைக் கண்ட பாண்டியன் வாளெடுத்தான். வற்கடத்தைக் கண்ட பாண்டியன் நடுங்கினான். நம் நூல்கள் தரும் வேறுபாடு இதுவே.

இந்நடுக்கத்திற்கு மருந்து இன்னதென அறிந்து கூறியவர் குடபுலவியனார். புறநானூற்று 18ஆம் பாட்டில் அவர் அறிவுறுத்துவது, முத்தூறு வென்ற அதே நெடுஞ்செழியனையே. மறுமைச் செல்வமோ, உலகு வென்ற புகழோ, எது வேண்டினும் நீர்நிலை பெருக்குக என்பதே அவர் கருத்து. நிலம் வென்ற வேந்தனிடம், அந்நிலத்தில் நீரைத் தேக்காவிடின் வெற்றி நில்லாது எனக் கூறுதற்குப் புலவர் துணிந்தார்.

அவ்வறிவுரை வீண்போகவில்லை. களப்பிரர்க்குப்பின் கடுங்கோன் வழியினர் மீண்டும் அரசு நிறுவிய காலத்து, வைகையாற்றில் மதகு அமைத்த செய்தியைக் கூறும் ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு மதுரையிற் கிடைத்துள்ளது. திருவாடானையை அடுத்த இராசசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாய், பாண்டியன் இராசசிங்கன் பெயரைத் தாங்கி நாற்பத்தெட்டு மடைகளோடு இன்றும் நிற்கின்றது. வைகை நீர் கடலிற் சேராது இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயிற் சென்று அடங்குமாறு அமைத்த முறையும் இதன்பாற்படும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்று நீரை வைகைக்குத் திருப்ப முயன்று, பொருள் முட்டுப்பாட்டாற் கைவிட்டார். 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் மக்களைச் சூறையாடிய பின்னரே, 1895இல் பெரியாற்று அணை நிறைவுற்றது.

அப்பஞ்சத்தில் ஆங்கிலப் பேரரசு வீழவில்லை என்பதும் ஈண்டுக் கூறற்பாலது. வீழ்ந்தோர் குடிமக்கள். தொண்டி, தேவிபட்டினம் முதலிய இக்கரைத் துறைகளிலிருந்து ஈழத்துத் தோட்டங்களுக்கு மக்கள் பெயர்ந்த வழக்கம் அந்நூற்றாண்டு முழுவதும் நிலவியது. பாண்டியன் புலவரைப் போக்கிய வரலாறு ஒரு சங்கத்தைப் பற்றியது; இது ஊர்களைப் பற்றியது. சென்ற புலவருள் சிலர் மீளவில்லை; சென்ற குடிகளுள்ளும் பலர் மீளவில்லை.

7. பிறநாட்டு ஒப்புமை

இவ்வேறுபாடு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. நடுநிலக்கடலில் தேரா என்னும் தீவு எரிமலையாக வெடித்து, கிரீட்டுத் தீவின் நாகரிகத்தை ஒரே நாளில் அழித்தது என முன்னர்க் கருதினர். அவ்வெடிப்புக்குப் பின்னரும் கிரீட்டின் அரண்மனைகள் பல்லாண்டு நிலைத்திருந்தமை அகழாய்வால் தெளிவாயிற்று. அவற்றின் அழிவு கி. மு. 1450ஐ ஒட்டியே நேர்ந்தது. கம்போச நாட்டு அங்கோர் நகரமோ, பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் நேர்ந்த நெடிய வறட்சிகளாலும், அவற்றினிடையே வந்த பெருவெள்ளங்களாலும் தன் நீர்நிலை அமைப்புச் சிதைந்து தளர்ந்தது என்பதை மரவளையங்களை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். எரிமலையைத் தாங்கிய அரசு உண்டு. நீரமைப்புக் கெட்டபின் முன்போல் நிலைத்த அரசு அரிது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. கடல்கோள் பற்றிய நம் நூற்சான்றுகள் எவையும் அதனால் பாண்டியரசு வீழ்ந்தது எனக் கூறவில்லை. இடம் பெயர்ந்தது என்றே கூறுகின்றன. கீழைக்கரையின் நிலஇயல்பும் 1964, 2004 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளும் இதற்கு ஒத்தே நிற்கின்றன. கல்வியாளர் சிதறி ஒரு துறையே அற்றுப்போனதை வெளிப்படையாகக் கூறும் சான்று வற்கடத்தைப் பற்றியதே. வற்கடமும் தானாக அரசை வீழ்த்துவதன்று. நீர்நிலையைப் புறக்கணித்த ஆட்சியிலேயே அது முழு வலிமை பெறுகின்றது. பிற்காலப் பாண்டியப் பேரரசு பதினான்காம் நூற்றாண்டில் சரிந்ததும் பேரிடரால் அன்று. சுந்தரபாண்டியன், வீரபாண்டியன் ஆகியோரிடை எழுந்த உட்பகையாலும் 1311இல் நேர்ந்த மாலிக்காபூர் படையெடுப்பாலுமே ஆகும்.

இறந்துபட்ட நூல்களுக்கெல்லாம் கடலைக் காரணமாக்குதல் நம்மை ஒரு பொறுப்பினின்றும் விடுவிக்கின்றது. கடல் கொண்டதை யாரும் காத்திருக்க இயலாது. ஆனால் ஆசிரியரைப் புறந்தர இயலாமையால் ஒரு கல்வி அழிந்தது என்னும்போது, காத்திருக்கலாம் என்னும் எண்ணம் உடன் எழுகின்றது. அவ்வெண்ணத்தையே இறையனார் அகப்பொருளுரைகாரர் பாண்டியனின் வருத்தமாக எழுதிவைத்தார். முச்சங்க வரலாற்றைக் கற்பிப்போர் கபாடபுரத்தை ஒருமுறை கூறின், பன்னீராண்டு வற்கடத்தை இருமுறை கூறுதல் தகும்.